வெளியில் நிற்காத சிஸ்டர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது ஒரு பாதுகாவலர் அவரை வெளியே நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், சரக்கு லொறிகள் திரும்பும் சந்தி ஒன்றின் அருகே அந்தக் குடிவரவு அலுவலகம் இருக்கிறது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் மாதம் ஒருமுறை அங்கே போய், தாங்கள் ஓடிவிடவில்லை என்று காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் அப்போது ரொறன்ரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அந்த வரிசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்காகப் போயிருந்தேன்.

அழைக்கப்பட்டவர் மட்டும் உள்ளே வரலாம் என்று கதவில் இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு நேர் கீழே அவர் நின்றார். உயரம் ஐந்தடிக்குக் குறைவு. சாம்பல் நிறப் பாவாடை, வெள்ளைச் சட்டை, அவற்றுக்கு மேல் யாரோ ஓர் ஆணுக்குத் தைத்த பனிக்கால மேலங்கி. அதன் கைகளை இரண்டு முறை மடித்து விட்டிருந்தார். கழுத்தில் கறுத்த நூலில் ஒரு சின்ன மரச்சிலுவை. பக்கத்தில் நடுத்தர வயது ஆள் ஒருவர், தன் கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வெளியே நிற்க வேண்டும்" என்றார் பாதுகாவலர்.

"நான் இவரோடு வந்திருக்கிறேன்" என்றார் அவர். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் கடைசி எழுத்து வரை முழுதாக வந்தது.

"அது தெரிகிறது. நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும்."

"நல்லது. அதை ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். நான் நிற்கிறேன்."

பாதுகாவலர் எழுதவில்லை. அப்படி எழுதிக் கொடுத்த எவரையும் அதன் பின்னரும் நான் கண்டதில்லை. அவர் தன் மேலதிகாரியைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது சிஸ்டர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பாதுகாவலருக்கும் இரண்டு சுளை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். அதைச் சாப்பிட்ட பிறகு அவரால் பேச்சை மறுபடி தொடங்க முடியவில்லை.

பக்கம் வெளியான அடுத்த நாள் பத்திரிகைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"தம்பி, அண்டைக்கு வரிசையில நிண்டது நாப்பத்தொரு பேர். நீர் முப்பது எண்டு போட்டிருக்கிறீர்."

"ஏறத்தாழ முப்பது எண்டு போட்டனான், சிஸ்டர்."

"மற்றப் பதினொரு பேருக்கும் பஸ் காசு மிச்சமே?"

மறு வாரம் திருத்தம் போட்டோம். எங்கள் பழக்கம் அதில்தான் தொடங்கியது. தன் பெயரை மட்டும் ஒருபோதும் அச்சில் போடக்கூடாது என்றார். பணிவு காரணம் இல்லை. "பேரைப் போட்டால் அடுத்த முறை வாசலில நிக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோடும்" என்பதுதான் காரணம். அவர் இப்போது இந்த நகரத்தில் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே எழுதுகிறேன்.

விட்பியில் அவருடைய சபைக்கு ஒரு வீடு இருந்தது. ஓய்வு பெற்ற ஐந்து கன்னியர்கள் அதில் இருந்தார்கள். நான்கு பேர் ஓய்வாகவே இருந்தார்கள். இவர் காலை ரயிலைப் பிடித்து நகரத்துக்கு வந்துவிடுவார். யாருக்கு எந்த அலுவலகத்தில் அழைப்பு இருந்தாலும் கூடப் போவதுதான் வேலை. மருத்துவமனை, நீதிமன்றம், தடுப்பு நிலையம், பள்ளிக்கூட அதிபரின் அறை, ஒருமுறை விவாகரத்து வழக்கறிஞரின் அலுவலகம். கூடப் போய் என்ன செய்வார் என்றால், ஒன்றும் செய்யமாட்டார். கேட்டாலன்றி மொழிபெயர்க்கமாட்டார். காத்திருக்கும் இடத்தில் ஜெபமாலையை வெளியே எடுக்கமாட்டார்.

"அதைக் கண்டால் உள்ளுக்கு இருக்கிறவன் இவருக்கு ஏதோ பெரிய பிழை இருக்கெண்டு நினைப்பான்" என்பார்.

அப்படியானால் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஒரு மின்சாரத் தொழிலாளி வயரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தனிய வந்த ஆளோட கதைக்கிற குரல் ஒண்டு இருக்கு. ரெண்டு பேர் வந்தால் அந்தக் குரல் மாறும். நான் அந்த மாறுறதுக்குத்தான் போறனான்."

நான் ஒரு மாதம் வேண்டுமென்றே கவனித்தேன். மாறியது.

வன்னியில் அவர் இருந்த காலத்தைப் பற்றி அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. பெரும்பகுதியை ஸ்காபரோவில் கார் ரயர் மாற்றும் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னார். சைவர். கடையின் கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம். இடது காலில் இன்னும் ஓர் இரும்புத் துண்டோடு நடக்கிறார். சண்டையின் கடைசி மாதங்களில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தகப்பன் ஆகியோரோடு கடற்கரை மணலில் பங்கர் வெட்டி இருந்தவர். சிஸ்டரின் சபைக்காரர் அங்கே தறப்பாளுக்குக் கீழே கஞ்சி காய்ச்சினார்கள். காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். அதற்குத் துணி தீர்ந்தபோது தங்கள் உடுப்புகளைக் கிழித்தார்கள்.

"முதல் எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அண்ணை" என்றார் ரயர் கடைக்காரர். "கஞ்சியைத் தந்துபோட்டு வேதத்துக்கு இழுக்கப் போகினம் எண்டு. என்ர மனிசி நேரவே கேட்டிட்டா. 'சிஸ்டர், எங்களை மாத்துவியளோ?' எண்டு. அவ சொன்னவா, 'முதல் உயிரோட இரும். பிறகு ஆறுதலாச் சண்டை பிடிப்பம்' எண்டு."

ஒரு மாலை அவருடைய தகப்பன் இறந்துபோனார். ஷெல்லால் இல்லை, காய்ச்சலால். மண்ணைத் தோண்டியாயிற்று. திருநீறு இல்லை. சிஸ்டர் பங்கர் பங்கராகப் போய்க் கேட்டார். ஒரு மனிதரிடம் காகிதத்தில் மடித்த கொஞ்சம் இருந்தது. வாங்கி வந்து மூன்று விரலால் தானே பூசிவிட்டார். அங்கே இருந்த பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாராம். சிஸ்டர் சொன்ன பதிலை ரயர் கடைக்காரர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்: "அவரோட நான் வாசல் மட்டும்தான் போகலாம், பாதர். அங்கால அவற்ற ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும். அவைக்கு ஆளை அடையாளம் தெரியவேண்டாமே?"

கடைக்காரரின் மனைவிக்கு வயிற்றில் காயம் பட்டது அதற்குப் பிறகு. காயப்பட்டவர்களை ஏற்ற ஒரு கப்பல் தூரத்தில் வந்து நிற்கும். சின்னப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். இவர் பிள்ளைகளோடு கரையில் நிற்க வேண்டியிருந்தது. சிஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி, கப்பல் வரை போனார். மேலே ஏறி, அங்கிருந்தவர்களிடம் மனைவியின் பெயரையும் புருஷனின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி, அவர்களைக் கொண்டு திருப்பிச் சொல்லவைத்து, பிறகு இறங்கி அதே படகில் திரும்பிவிட்டார்.

"நான் இண்டைக்கு வீட்டில ஏச்சு வாங்கிறன் எண்டால் அதுக்குச் சிஸ்டர்தான் காரணம்" என்று சொல்லி ரயர் கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு வாடிக்கையாளரிடம் விலை பேசப் போனார்.

அந்தக் கப்பலில் அவரும் போயிருக்கலாம். போகச் சொல்லி அவருடைய சபைத் தலைவியிடமிருந்து கடிதம் ஒன்றும் வந்திருந்தது. சிஸ்டர் அதை வாங்கிப் பையில் வைத்தார். பிரிக்கவில்லை. அடுத்த கப்பலுக்கும் பிரிக்கவில்லை.

நான் இதை அவரிடமே உறுதிப்படுத்தக் கேட்டேன். பத்திரிகைக்காரனின் பழக்கம்.

"ஓம். பிரிக்கேல்ல."

"ஏன் சிஸ்டர்?"

"பிரிச்சு வாசிச்சால் கீழ்ப்படியவேணும். கீழ்ப்படிவன் எண்டு கடவுளுக்கு முன்னால வாக்குக் குடுத்தனான் தானே. வாக்கை மீறேலாது." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு சட்ட நுணுக்கத்தை விளக்குகிறவரின் நிதானம்தான் இருந்தது.

எல்லோருக்கும் அவரைப் பிடித்ததில்லை. எனக்கும் எப்போதும் பிடித்ததில்லை. ஒரு குளிர்காலத்தில், மனைவியை அடித்ததற்காகக் கைதான ஒரு மனிதனோடு நீதிமன்றத்துக்குப் போய், அவனுடைய பக்கத்தில், அவனுடைய வரிசையில் அமர்ந்தார். நான் செய்தி எடுக்கப் போனவன், மற்ற வரிசையிலிருந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் உதட்டில் தையல் போட்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவளோட நாலு பேர் நிக்கினம். அது நல்லது, நிக்கத்தான் வேணும்" என்றார். "இவனோட ஆரும் இல்லை."

"ஆரும் இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு, சிஸ்டர்."

"இருக்கு. அதை நீதவான் பாப்பார்."

சில வாரம் கழித்து ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில், மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில், அந்தப் பெண் அவரை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் அண்டைக்கு எந்தப் பக்கம் இருந்தனீங்கள் எண்டு நான் பாத்தனான்" என்றாள். சிஸ்டர் கையிலிருந்த முருங்கைக்காயைத் தட்டில் வைத்தார். "ஓம் பிள்ளை. அந்தப் பக்கம்தான் இருந்தனான்" என்றார். விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தப் பெண் அவரோடு பிறகு பேசவேயில்லை. சிஸ்டர் செய்தது சரி என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

அவருடைய இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு மூலக்கதை இருக்கவேண்டும் என்று நான் நம்பினேன். ரயர் கடைக்காரர் ஒன்றைச் சொல்லவும் செய்தார். சண்டை முடிந்த நாட்களில், சனம் நீரேரியைக் கடந்து வந்து சேர்ந்த இடத்தில், இராணுவம் பெயர் பதியும் கொட்டகை ஒன்று இருந்தது. சிஸ்டரோடு நடந்து வந்த ஒரு தாயையும் வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டார்கள். சிஸ்டரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அன்று அவர் நின்றார். மூன்று நாள் தண்ணீரும் இல்லாமல் நடந்து வந்தவர். ஒரு வேலித்தூணில் சாய்ந்து நின்றார். கொட்டகைக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருந்தது. அந்த மூவரைப் பற்றி அதன் பிறகு தகவல் இல்லை.

ஒருநாள் அவரைக் காரில் விட்பிக்குக் கொண்டுபோய் விடும்போது கேட்டேன். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. அவர் கொஞ்ச நேரம் முன்னால் நின்ற லொறியின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் பேப்பர்காரன். ஒண்டு நடந்தபடியால்தான் மற்றது நடந்தது எண்டு எழுதினால்தான் உமக்குப் பந்தி முடியும்" என்றார். "அந்தப் பிள்ளையள் போனது உண்மை. நான் வெளியில நிண்டதும் உண்மை. அதை நான் ஆரிட்டச் சொல்லவேணுமோ அவரிட்ட ஒவ்வொரு நாளும் சொல்லுறன். ஆனா அதுக்கு முதலும் நான் இப்பிடித்தான். எங்கட அம்மா இருந்தால் சொல்லுவா."

நான் அந்தப் பந்தியை அப்போது எழுதவில்லை.

ரஞ்சினியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டும் வேலை செய்தவர். நாற்பது வயது இருக்கும். புருஷன் சண்டையின் முடிவில் காணாமல் போனவர். ஊரில் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களோடு வீதியோரம் உட்கார்ந்தவர். அப்படி உட்கார்ந்ததற்காக மூன்று முறை விசாரணைக்கு அழைக்கப்பட்டவர். மூன்று முறையும் ஒரு கதவைச் சாத்தினார்கள். அதற்குள் நடந்ததை அவர் இங்கே அகதிக் கோரிக்கையைக் கேட்டவரிடமும் சிஸ்டரிடமும் மட்டும் சொன்னார். கேட்டவர் நம்பவில்லை. கோரிக்கை மறுக்கப்பட்டது. கடைசி விண்ணப்பமும் தள்ளுபடியாகி, எந்த நாள், எத்தனை மணி, எந்த விமானம் என்று குறித்த தாள் கைக்கு வந்தது. இடையில் ஐந்து நாட்கள்தான் இருந்தன.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் ஆறு பேர் கூடினோம். பங்குத்தந்தை தமிழ்நாட்டுக்காரர், இளையவர், நல்ல மனம் கொண்டவர். ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"பேஸ்மென்ட் ரெடியா இருக்கு" என்றார். "கட்டில் போட்டாச்சு. பாத்ரூம் இருக்கு, கிச்சன் இருக்கு. ஆபீசர்ஸ் பொதுவா சர்ச்சுக்குள்ள வந்து யாரையும் பிடிக்கிறதில்ல. சட்டம் ஒண்ணும் கிடையாது, ஒரு மரியாதை. இங்கயே இருந்துட்டு நாம கேஸை நடத்தலாம்."

"எவ்வளவு காலம் பாதர்?" என்று ரஞ்சினி கேட்டார்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. சில பேர் ரெண்டு வருஷம்கூட இருந்திருக்காங்க."

"வெளியில வரலாமோ?"

பாதர் இல்லை என்று தலையசைத்தார்.

"நான் பங்கருக்குள்ள இருந்தது காணும் பாதர்" என்றார் ரஞ்சினி. "குறை நினையாதேங்கோ. கட்டிலெல்லாம் போட்டிருக்கிறியள். ஆனா என்னால திரும்ப நிலத்துக்குக் கீழ இருக்கேலாது." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஊருக்குப் போகப் பயம் இல்லை. அங்க இருந்தால் அவரைத் தேடலாம். இறங்கின உடன ஒரு அறைக்குள்ள கூப்பிடுவினம். கூப்பிட்டுக் கதவைச் சாத்துவினம். அது ஒண்டுக்குத்தான் பயம். அதுக்குள்ள தனிய இன்னொருக்காப் போனால் நான் முடிஞ்சன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள். சிஸ்டர் மட்டும் அந்தத் தாளை எடுத்துத் தூரப் பிடித்து வாசித்தார்.

"என்ன பிளைட் இது? டோகாவால போறதோ?"

"சிஸ்டர்" என்றார் பாதர், எச்சரிக்கையோடு. "உங்க வயசைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எழுபத்தெட்டு. உங்க சுகர், உங்க முட்டி."

"டோகாவோ எண்டு கேட்டனான், பாதர்."

"ஆமாம். டோகாதான்."

அன்றைக்கே என்னிடம் வந்தார். "தம்பி, உந்தக் கொம்பியூட்டரில இந்தப் பிளைட்டில ஒரு சீற் கிடக்கோ எண்டு பாரும்." கிடந்தது. ரிக்கெற் செலவை ரயர் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அதைப் பற்றி யாரும் தன்னோடு கதைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். திரும்பி வரும் நாளை எப்போது போடுவது என்று சிஸ்டரிடம் கேட்டேன். "ஏதாவது ஒண்டைப் போடும்" என்றார். நான் மூன்று வாரம் என்று போட்டேன்.

விட்பி வீட்டின் தலைவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் கெட்டிக்காரி. சிஸ்டர் கடிதங்களைப் பிரிக்காத கதை அவருக்கும் தெரியும். ஆகவே கடிதம் எழுதாமல் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தார். சிஸ்டர் போனை நிறுத்தி வைத்துவிட்டு, ரயர் கடைக்காரரின் வீட்டில் போய்த் தங்கிவிட்டார். கடைசியில் தலைவி என்னை அழைத்தார். "போகக்கூடாது என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்" என்றார். களைத்த, கோபமில்லாத குரல். "அவருக்கு வழியில் ஏதும் நடந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது?"

அது நியாயமான கேள்வி என்று அவரிடம் சொன்னேன். சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு சின்னப் பெட்டிக்குள் காலுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மதர் உங்களோட கதைக்கவேணுமாம்."

அவர் நிமிர்ந்தார். "என்னத்தைப் பற்றி எண்டு சொன்னவாவோ?"

முப்பது ஆண்டுகளாகச் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பழகியவன் நான். "இல்லை" என்றேன்.

"நல்லம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

பியர்சன் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ரஞ்சினியிடம் ஒரு புதுப் பெட்டி இருந்தது. களஞ்சியசாலையில் கூட வேலை செய்தவர்கள் வாங்கிக் கொடுத்தது. உள்ளே அரைவாசி சொக்கிளேற். வழி முழுக்க அவர் பெட்டியின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

குறித்த இடத்தில் சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி காத்திருந்தார். மரியாதையானவர். "வழியனுப்புகிறவர்கள் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

சிஸ்டர் தன் பயணச்சீட்டை நீட்டினார். அதிகாரி வாசித்தார். சிஸ்டரைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். கொஞ்சம் தள்ளிப் போய் யாரோடோ நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். அவர் பேசிய நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்தேன்: பதினாறு நிமிடம். சட்டத்தில் தடை எதுவும் அகப்படவில்லை போலும்.

"நீங்கள் அதே விமானத்தில் போகலாம்" என்றார் திரும்பி வந்து. "ஆனால் இவரை நாங்கள் வேறு வழியாகத்தான் கொண்டுபோவோம். அந்த வழியால் நீங்கள் வரமுடியாது. இதை எழுதித் தரவேண்டும் என்றாலும் தருகிறேன்."

முதல் முறையாக ஒருவர் எழுதித் தருவதாகச் சொன்னார். சிஸ்டர் அவரைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்ததாக எனக்குப் பட்டது.

ரஞ்சினி சிஸ்டரின் மேலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், என்னைத் தனிய..."

"விடு பிள்ளை. போ" என்றார் சிஸ்டர். "எந்த வழியால கொண்டு போனாலும் அந்தப் பிளேனுக்கு ஏறுற கதவு ஒண்டுதான்."

அதிகாரி ரஞ்சினியை அழைத்துப் போனார். சிஸ்டர் தான் போட்டிருந்த ஆண்களின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாதுகாப்புச் சோதனை வரிசையில் போய் நின்றார். திரும்பிப் பார்த்துக் கையசைக்கவில்லை. முன்னால் நின்றவரை முந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு முப்பத்தொரு மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. பாதர் நான்கு முறை அழைத்தார். விட்பி தலைவி இரண்டு முறை. ரயர் கடைக்காரர் அன்று கடையைத் திறக்கவில்லை.

கொழும்பு இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ரஞ்சினி.

"வெளியில வந்திட்டம், அண்ணை."

நான் ஒழுங்காகச் சொல்லச் சொன்னேன். அவர் ஒழுங்காகவே சொன்னார். இறங்கியதும் எதிர்பார்த்ததுபோலவே ஓர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிஸ்டரை வெளியே நிற்கச் சொன்னார்கள். சிஸ்டர் நிற்கவில்லை. வாசற்படியிலே, பாதி உள்ளே பாதி வெளியே, நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நிலத்திலயோ?"

"ஓம். இருந்திட்டு அவைக்குச் சிங்களத்தில சொல்லுறா, எனக்கு முழங்கால் ஏலாது, இருந்தால் எழும்பேலாது எண்டு. அவை ஆளை ஆள் பாத்தினம். ஆர் அண்ணை ஒரு சிஸ்டரைப் பிடிச்சு இழுக்கிறது? பிறகு ஒரு வயசான அதிகாரி கதிரை கொண்டந்து வெளியில வைச்சவர். ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கிவிட்டவை. எழும்பின உடன சிஸ்டர் அந்தக் கதிரையை இழுத்துக் கதவோட முட்டவைச்சுப் போட்டு இருந்திட்டா."

"எவ்வளவு நேரம்?"

"நாலரை மணித்தியாலம்."

"என்ன கேட்டவை?"

"எல்லாம் கேட்டவை. முந்திக் கேட்டதெல்லாம் திரும்பவும் கேட்டவை. நான் சொன்னனான். அவற்ற படத்தையும் எடுத்துக் காட்டினனான். கதவு திறந்து கிடந்தது, அண்ணை. வெளியில ஆக்கள் போய் வந்துகொண்டிருந்தவை. பெட்டி தள்ளுற ஒருத்தன் எட்டிப் பாத்திட்டுப் போனவன். அந்தச் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது."

நான் எழுதிக்கொண்டேன். சிஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"சொல்லும்" என்றார். குரல் கரகரத்திருந்தது.

"எப்பிடி இருக்கிறியள் சிஸ்டர்?"

"கால் வீங்கியிருக்கு. உந்தப் பிளேனில தந்த தேத்தண்ணி தேத்தண்ணியே இல்லை."

விட்பி தலைவி கவலையோடு இருக்கிறார் என்றேன். பாதர் ஒரு நன்றிப் பூசை வைக்கலாமா என்று கேட்கிறார் என்றும், மூன்று வாரத்தில் திரும்பி வருகிற ரிக்கெற் இருக்கிறது என்றும் நினைவூட்டினேன்.

"பூசையைப் பிறகு வைக்கலாம். இன்னும் முடியேல்ல" என்றார். "நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வேற ஒரு விசாரணைக் கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கினம்."

"ரெண்டு பேரையுமோ?"

"இல்லை. அவளை மட்டும்தானாம்." பக்கத்தில் ரஞ்சினி எதையோ கேட்டதும் இவர் போனை விலக்கிப் பதில் சொன்னதும் கேட்டது. பிறகு என்னிடம் திரும்பினார். "நாங்கள் ஏழு மணிக்கே போறம்."